எலுமிச்சை அழகியை மாடியில் வளர்க்க: செடி வாங்குவது முதல் பறக்கவிடுவது வரை

வீட்டில் பட்டாம்பூச்சி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் புழுவைத்தான் தேடுகிறார்கள். யாரிடம் கிடைக்கும், எந்தக் கடையில் விற்கிறார்கள் என்றெல்லாம் கேட்கிறார்கள். தேட வேண்டியது புழு இல்லை, விஷம் படாத ஒரு செடி. அது இருந்தால் மூன்றாம் மாடியில் இருந்தாலும் பூச்சி தானே மோப்பம் பிடித்து வந்துவிடும். அது இல்லாமல் நீங்கள் வேறு என்ன செய்தாலும் புழு கறுத்துச் சாகும், ஏன் செத்தது என்றும் தெரியாது. எனக்கு இதெல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்து முடிய நிறைய நாள் ஆனது, சொல்லித்தர ஆளும் இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

இங்கே சொல்வது எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியைப் பற்றி. இதே முறை கறிவேப்பிலை அழகிக்கும் அப்படியே பொருந்தும், பல சமயம் இரண்டும் ஒரே செடியில் இருக்கும்.

1. முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

எலுமிச்சை அழகி உள்ளங்கை அகலப் பூச்சி. கறுப்பு இறக்கையில் வெளிர்மஞ்சள் திட்டுகள், பின்னிறக்கையின் உள்மூலையில் ஒரு செங்கல் சிவப்புப் பொட்டு. வாலழகிக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் இதன் பின்னிறக்கையில் வால் கிடையாது. வால் இருந்தால் அது பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி. அதில் ஆண் கறுப்பு, பின்னிறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை இருக்கும். பெண் பூச்சியோ சில சமயம் ஆணைப் போலவும், சில சமயம் பறவைகள் தின்ன விரும்பாத ரோஸ் வகைப் பட்டாம்பூச்சிகளைப் போலவும் சிவப்புத் திட்டோடு வேஷம் போட்டு வரும். ‘இது வேறு இனமோ’ என்று குழம்ப வேண்டாம், முட்டை வைக்கும் செடியைப் பார்த்தால் தெரிந்துவிடும். ரோஸ் வகைகள் ஈஸ்வரமூலி மாதிரியான கொடிகளைத்தான் தேடும், எலுமிச்சையைத் தொடாது.

எலுமிச்சை இலையில் வெள்ளி நிறத்தில் வளைந்து வளைந்து கோடு போட்டிருந்தால் அது இலைத்துளைப்பான், நம் ஆள் இல்லை. அதைப் பார்த்துவிட்டு உடனே மருந்து வாங்க ஓடுகிறவர்கள் அதே செடியில் இருக்கும் அழகியின் முட்டைகளையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறார்கள்.

2. அனுமதி, காகிதம்

உங்கள் செடிக்குத் தானாக வந்து முட்டை வைத்து, அங்கேயே வளர்ந்து, அங்கிருந்தே பறந்துபோகிற பூச்சிக்காக யாரிடமும் விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. ஆனால் சரணாலயம், காப்புக்காடு போன்ற இடங்களில் இருந்து முட்டை, புழு, இலை, கன்று எதையும் எடுத்து வராதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பட்டாம்பூச்சிகளையும் பார்க்கிறது. கிரிம்சன் ரோஸ் எல்லாம் அதன் முதல் அட்டவணையில் நெடுங்காலம் இருந்த பெயர். ‘ஒரே ஒரு புழுதானே’ என்ற பேச்சு சோதனைச்சாவடியில் எடுபடாது.

காகிதம் தேவைப்படுவது வேறு இரண்டு இடங்களில்.

அடுக்குமாடியில் இருந்தால் சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். மொட்டைமாடியில் இத்தனை தொட்டி வைக்கிறேன், தண்ணீர் கசியாமல் தட்டு வைத்திருக்கிறேன், இந்தத் தொட்டிகளுக்குத் தோட்டக்காரர் மருந்து அடிக்க வேண்டாம், பூச்சிமருந்துக் கம்பெனி ஆள் வரும் நாளை முன்கூட்டியே எனக்குச் சொல்லுங்கள் என்று நான்கு வரி போதும். கையெழுத்து வாங்கிய ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது அடுத்த செயலாளர் வந்ததும் காற்றில் போய்விடும்.

தோட்டக்கலைத் துறை சில ஆண்டுகளில் மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகள் (தொகுப்புகள்) தருகிறது. பை, தென்னைநார்க் கழிவு எல்லாம் அதில் கிடைத்துவிடும். ஆதார் நகல், புகைப்படம் இரண்டையும் தயாராக வைத்துக்கொண்டு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரியுங்கள், ஒதுக்கீடு சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்தத் தளையோடு பெரும்பாலும் வேப்பெண்ணெய் மருந்து ஒரு புட்டி வரும். அதைத் தனியாக எடுத்து, இந்தச் செடிகள் பக்கமே வராத இடத்தில் வைத்துவிடுங்கள். காரணம் அடுத்த படியில்.

3. செடி: அவசரப்படக் கூடாத இடம்

எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி, கறிவேப்பிலை, வில்வம், விளா எல்லாமே ஒரே குடும்பம், எல்லாவற்றிலும் அழகிகள் முட்டை வைக்கும். இடம் குறைவு என்றால் ஒரு எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை. அதற்கு மேல் ஆசை இருந்தால் ஒரு நாரத்தை வையுங்கள், இலை பெரிது, கூடுதல் தீனி. இலங்கையில் இருக்கிறவர்களுக்குத் தேசிக்காய் மரமும் கறிவேப்பிலையும் வீட்டிலேயே இருக்கும், உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. சிங்கப்பூர், மலேசியாவில் கஸ்தூரி எலுமிச்சைத் தொட்டி ஒன்று போதும், இந்தப் பூச்சி அங்கேயும் சாதாரணமாகப் பறக்கிறது.

நர்சரியில் கன்று வாங்கும்போது நம் கண் தானாகப் போவது பளபளவென்று ஒரு ஓட்டை கூட இல்லாத செடியின் மேல். அதைத்தான் வாங்கக் கூடாது. வெயிலில் திறந்தவெளியில் நிற்கிற எலுமிச்சைக் கன்றில் ஒரு கடி கூட இல்லை என்றால் அதற்கு மருந்து போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதிலும் இமிடாகுளோப்ரிட் போன்ற ஊடுருவும் மருந்துகள் வேர் வழியாக இலைக்குள்ளேயே ஏறிவிடும், கழுவினாலும் போகாது. மண்ணிலும் மாதக்கணக்கில் தங்கும். அந்த இலையைத் தின்ற புழு முதல் நாள் நன்றாக இருப்பது போலவே இருக்கும், பிறகு பச்சையாக வாந்தி எடுக்கும், துடிக்கும், சுருண்டு விழும். இதைப் பார்த்துவிட்டு ‘நோய்’ என்று நினைத்து இன்னொரு புழுவை அதே செடியில் விட்டால் அதுவும் போகும்.

ஆகவே நர்சரியில் கேட்க வேண்டியது இது: “அண்ணே, ஓட்டை விழுந்த இலை இருக்கிற கன்று ஏதாவது ஒதுக்கி வச்சிருக்கீங்களா?” விசித்திரமாகப் பார்ப்பார், பிறகு மூலையில் கிடக்கும் ஒன்றைப் பாதி விலைக்குக் கொடுப்பார். மருந்து அடித்தீர்களா என்று கேட்டுப் பயனில்லை. இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், சில பேர் ‘இயற்கை மருந்துதான்’ என்பார்கள். வேப்பெண்ணெயும் இயற்கைதான். ஆனால் அதில் உள்ள அசாடிராக்டின் புழுவைத் தின்னவிடாமல் செய்யும், தோலுரிக்கவும் விடாது, அதன் வேலையே அதுதான். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்தும் அப்படியே, இயற்கை விவசாயத்தில் புழுவைக் கொல்லவே அதை அடிக்கிறார்கள்.

செடி வீட்டுக்கு வந்ததும் பழைய மண்ணை முடிந்தவரை உதிர்த்து, வேரை மெதுவாக அலசி, புது மண்ணில் நட்டு, இருக்கும் இலைகளில் பாதிக்கு மேல் கவாத்து செய்துவிடுங்கள் (வெட்டிக் கழித்துவிடுங்கள்). பிறகு குறைந்தது இரண்டு மாதம் எந்தப் புழுவையும் அதன் மேல் விடாதீர்கள், தானாக முட்டை வந்தால் எடுத்து வேறு நல்ல செடிக்கு மாற்றுங்கள். இந்த இரண்டு மாதம் பலருக்குப் பொறுக்காது. பொறுக்காதவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது: பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலை மரத்தின் அடியில் முளைக்கும் வேர்க்கன்று. காசும் இல்லை, மருந்து பயமும் இல்லை. எலுமிச்சையை விதையில் இருந்தே முளைக்கவைக்கலாம், ஊறுகாய்க்கு அறுக்கும் நாட்டு எலுமிச்சை விதை போதும், காய்வதற்கு முன் ஈரத்தோடு ஊன்றினால் சில வாரங்களில் முளைக்கும். விதைக்கன்று காய்க்க வருஷக்கணக்காகும் என்பதால் எல்லோரும் ஒட்டுக்கன்று வாங்கச் சொல்வார்கள். நமக்கு வேண்டியது காய் இல்லை, இலை. அதற்கு எதற்கு ஒட்டுக்கன்றின் விலை?

இன்னொரு பொறி கடைக் கறிவேப்பிலை. வீட்டுச் செடியில் இலை தீர்ந்துபோனால் கை தானாகக் குளிர்சாதனப் பெட்டிக்குப் போகும். காய்கறிக் கடையில் கொசுறாக வாங்கிய கறிவேப்பிலையைப் போடவே போடாதீர்கள், விற்பனைக்காகப் பயிரிடுகிறவர்கள் அதற்கு அடிக்கும் மருந்து கொஞ்சநஞ்சம் இல்லை. (நாம் மட்டும் அதையே ரசத்தில் போட்டுக் குடிக்கிறோம், அது வேறு கதை.)

புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோப்பு வைத்திருக்கும் யாரிடமாவது நீங்கள் இப்படி இந்தப் புழுவுக்காக மெனக்கெடுவதைச் சொன்னால் சிரிப்பார்கள். நாற்றங்காலில் இளங்கன்றுகளை மொட்டை அடிக்கும் பூச்சி அவர்களுக்கு எதிரிதான், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வளர்ந்த மரத்துக்குப் பத்துப் புழு ஒரு பொருட்டே இல்லை, கன்றுக்குத்தான் ஆபத்து. அதனால் நீங்கள் ஆசையாகக் காய்க்கு வளர்க்கும் எலுமிச்சை ஒன்று இருந்தால் அதைத் தனியாக வலை போட்டு மூடிவிட்டு, தீனிச்செடியை வேறாக வையுங்கள்.

4. செலவு

ஊருக்கு ஊர் மாறும், ஆனாலும் ஒரு கணக்குக்காக: கறிவேப்பிலைக் கன்று 20 முதல் 50 ரூபாய், எலுமிச்சை விதைக்கன்று 40 முதல் 100 ரூபாய், ஒட்டுக்கன்று அதைவிட இரண்டு மூன்று மடங்கு. அரசு தோட்டக்கலைப் பண்ணை பக்கத்தில் இருந்தால் அங்கே மலிவு. செடிப்பை 30 முதல் 60. சாப்பாட்டுப் பாத்திரங்களை ஈ மொய்க்காமல் மூடும் மடக்கு வலைக்குடை ஒன்று 100 முதல் 200. இணையத்தில் ‘பட்டாம்பூச்சிக் கூண்டு’ என்று தேடினால் இதே வலையைப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள், தேவையே இல்லை. மொத்தத்தில் 500 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். கூட்டுப்புழுவை விற்கும் விளம்பரங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். எங்கிருந்து பிடித்தது என்று தெரியாது, தபாலில் வரும் வழியிலேயே பாதி நசுங்கிவிடும்.

5. எப்போது தொடங்குவது

பெண் பூச்சி முற்றிய இலையைத் திரும்பிப் பார்க்காது, தளிர் வேண்டும். தளிர் எப்போது வருமோ அதுதான் உங்கள் தொடக்க நாள். மழைக்குப் பிறகு தானாக வரும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகைக்குப் பிறகு வரும் வாரங்கள் நல்ல காலம், ஆடி, ஆவணியில் கோடைமழை மாதிரி இரண்டு அடி அடித்தாலும் தளிர் வந்துவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் தொடங்காதீர்கள், இலை தோல் மாதிரி தடித்திருக்கும், மாடித் தரையின் சூடு வேறு.

நீங்களே தளிரை வரவழைக்கவும் முடியும். கறிவேப்பிலையின் நுனியை ஒடித்துவிட்டு, கொஞ்சம் மக்கிய எருவும் புளித்த மோர்க் கரைசலும் கொடுத்தால் இரண்டு மூன்று வாரத்தில் பக்கவாட்டில் கொழுந்து வெடிக்கும். எல்லாத் தொட்டியையும் ஒரே நாளில் கவாத்து செய்யாதீர்கள். ஒன்றை இன்றைக்கு, அடுத்ததைப் பத்து நாள் கழித்து. அப்போதுதான் புழு பெரிதாகும் நேரத்தில் கையில் இலை இருக்கும்.

பக்கத்திலேயே தேன் இருந்தால் பூச்சி இன்னும் சுலபமாக வரும். இட்லிப்பூ, கிருஷ்ணகிரீடம், செம்பருத்தி எது இருந்தாலும் சரி. குவளையில் ஈரமணல் வைத்தால் ஆண் பூச்சி வந்து உட்கார்ந்து உறிஞ்சும், ஆனால் தண்ணீர் தேங்கினால் கொசு வந்துவிடும், கவனம்.

6. முட்டை

காலையில் தளிரின் நுனியையும் அடிப்பக்கத்தையும் பாருங்கள். கசகசா விதையைவிடச் சற்றுப் பெரிதாக, வழவழப்பாக, வெளிர்மஞ்சளாக ஒற்றை உருண்டை ஒட்டியிருக்கும். ஒரு இலையில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும், கும்பலாக இருந்தால் அது வேறு பூச்சியின் முட்டை. வெதுவெதுப்பான நாட்களில் மூன்று நான்கு நாளில் பொரியும். பொரிவதற்கு முந்தைய நாள் நிறம் கருகும். முழுக்கக் கறுத்து நாளாகியும் பொரியாமல் இருந்தால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத குளவி முட்டையிட்டிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

முட்டையைச் சுரண்டி எடுக்க வேண்டாம், இலையோடு கிள்ளுங்கள். எத்தனை எடுப்பது? இதில்தான் எல்லோரும் பேராசைப்படுகிறார்கள். புழுவின் மொத்தச் சாப்பாட்டில் பெரும்பகுதி கடைசி ஐந்தாறு நாளில் நடக்கும். முழங்கால் உயரக் கன்று ஒன்று கடைசிப் பருவப் புழு இரண்டு மூன்றைத்தான் தாங்கும் (ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள காலம் ஒரு பருவம்). தொட்டி எண்ணிக்கையைப் பார்த்து முட்டை எடுங்கள், மிச்சத்தை அப்படியே செடியில் விடுங்கள். அவற்றில் பலவற்றைத் தேன்சிட்டும் சிலந்தியும் கும்பிடுபூச்சியும் கொண்டுபோகும். போகட்டும், அவர்களுக்கும் வயிறு இருக்கிறது.

7. புழு: இரண்டு வாரம், தினமும் பத்து நிமிஷம்

பொரிந்ததும் தன் முட்டை ஓட்டைத்தான் முதலில் தின்னும். பிறகு நான்கு பருவங்கள் வரை பழுப்பும் வெள்ளையுமாகப் பார்க்க அசல் பறவை எச்சம், துடைத்துப் போட்டுவிடாதீர்கள். ஐந்தாம் பருவத்தில் ஒரே இரவில் பச்சையாகிவிடும், முன்பக்கம் குறுக்கே ஒரு கறுத்த பட்டை, பின்னால் சாய்ந்த பட்டைகள். நாலு சென்டிமீட்டர் வரை வளரும். தொட்டால் தலைக்குப் பின்னால் இருந்து பிளந்த நாக்கு மாதிரி ஒரு ஆரஞ்சுக் கொம்பை நீட்டும், புளித்த எலுமிச்சை நாற்றம் அடிக்கும். கடிக்காது, கொட்டாது, அரிக்காது. குழந்தைகளுக்கு இந்தக் கொம்பைத் திரும்பத் திரும்பப் பார்க்க ஆசை வரும், ஒரு நாளைக்கு ஒரு தடவை என்று கறாராகச் சொல்லிவையுங்கள்.

வளர்க்க இரண்டு வழி. தொட்டிச் செடியையே வலைக்குடையால் அல்லது கொசுவலைத் துணியால் மூடி, தண்டோடு கட்டிவிடுவது முதல் வழி, எனக்குப் பிடித்ததும் இதுதான். இலை எப்போதும் புதிதாக இருக்கும், நீங்கள் இரண்டு நாள் ஊருக்குப் போனாலும் கவலை இல்லை. இரண்டாவது, கிளையை ஒடித்துத் தண்ணீர்ப் புட்டியில் செருகி வலைக்குள் வைப்பது. புட்டியின் வாயைப் பஞ்சாலோ காகிதத்தாலோ இறுக்க அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் புழு தண்டு வழியாக இறங்கித் தண்ணீரில் மூழ்கிவிடும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். உள்ளே ஆவி படிந்து எச்சத்தில் பூஞ்சை பிடித்து, அங்கிருந்து நோய் வரும். புழு கறுத்துத் தொங்கி, தொட்டால் கூழாக ஒழுகினால் அது பெரும்பாலும் வைரஸ். அந்தப் புழுவையும் இலையையும் அப்புறப்படுத்தி, வலையைச் சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயவைத்த பிறகுதான் மறுபடி பயன்படுத்த வேண்டும்.

தினமும் எச்சத்தைத் தட்டுங்கள், கீழே காகிதம் விரித்திருந்தால் உருவி மாற்றினால் முடிந்தது. இலையைக் கழுவினால் ஈரம் உலர்ந்த பிறகு வையுங்கள். எலுமிச்சையில் தொடங்கிய புழுவைக் கறிவேப்பிலைக்கு மாற்றினால் பல சமயம் பட்டினி கிடந்தே சாகும், தொடங்கிய செடியிலேயே முடியுங்கள். ஒரு நாள் முழுக்க அசையாமல் இருந்தால் தோலுரிக்கப் போகிறது, அந்த நேரத்தில் இழுத்தால் கால் பிய்ந்துவிடும். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் அது உட்கார்ந்திருக்கும் இலையோடு வெட்டி நகர்த்துங்கள்.

எறும்பு பெரிய தலைவலி. தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் கல் வைத்து அதன் மேல் நிறுத்துங்கள், எறும்பு மருந்துக்கட்டியால் கோடு போடாதீர்கள்.

மழைக்காலத்தில் கொசுமருந்துப் புகை வண்டி தெருவுக்குள் வரும். அந்தப் புகைக்குக் கொசுவுக்கும் புழுவுக்கும் வித்தியாசம் தெரியாது. சத்தம் கேட்டதும் வலையோடு உள்ளே தூக்கிக்கொண்டு போய்ச் சன்னலை அடையுங்கள். தூக்க முடியாத தொட்டி என்றால் ஈரப் போர்வையால் மூடி, புகை அடங்கியதும் எடுங்கள், இலைகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டுப் புழுவைத் திரும்ப விடுங்கள். வீட்டுக்குள் வைத்தால் அதே அறையில் கொசுவர்த்தியோ மின்செருகியில் மாட்டும் திரவக் கொசுமருந்தோ கூடாது. கைக்குக் கொசுவிரட்டிக் களிம்பு பூசியிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவாமல் இலையைத் தொடாதீர்கள்.

8. கூட்டுப்புழு

தின்றுகொண்டே இருந்த புழு திடீரென்று நிறுத்தும், கட்டியாகப் போட்டுக்கொண்டிருந்த எச்சம் தண்ணீராகப் போகும், பிறகு வலைக்குள் அங்குமிங்கும் அலையும். பயந்து மருந்து தேட வேண்டாம், வயிற்றைக் காலி செய்துகொண்டு இடம் பார்க்கிறது. மெல்லிய குச்சி நாலைந்தைச் சாய்த்து வையுங்கள். வால் பக்கத்தைப் பட்டுத்துளியில் ஒட்டி, இடுப்பைச் சுற்றி ஒரு நூல் கட்டி, தலை மேலே பார்க்கச் சாய்ந்து நிற்கும். ஒரு நாளில் தோல் கழன்று கூடாகிவிடும். பச்சை இலைகளுக்கு நடுவே கட்டினால் கூடு பச்சையாகவும், காய்ந்த குச்சியில் கட்டினால் பழுப்பாகவும் இருக்கும். பழுப்புக் கூடு செத்ததல்ல, நிறைய பேர் இதை எறிந்துவிடுகிறார்கள்.

கூடான முதல் நாள்தான் ஆபத்து. தோல் இன்னும் மெத்தென்று இருக்கும்போது எள்ளைவிடச் சின்னக் குளவிகள் அதில் முட்டை செருகிவிடும். வலை நெருக்கமாக இருந்தால் தப்பிக்கலாம், பெரிய கண் உள்ள வலை இதற்கு உதவாது.

நூல் அறுந்து கூடு கீழே விழுந்தால் முடிந்துபோனது என்று நினைக்காதீர்கள். ஒரு காகிதத்தைக் கடலைப் பொட்டலம் போலக் கூம்பாகச் சுருட்டி, வால் அடியில் இருக்கும்படி கூட்டை உள்ளே நிறுத்தி, வலைச் சுவரில் ஊசி குத்தி மாட்டுங்கள். தலை கூம்பின் வாய்க்கு வெளியே தெரிய வேண்டும். காகிதம் சொரசொரப்பாக இருக்கட்டும், வழவழப்பான பத்திரிகை அட்டையில் பூச்சிக்குப் பிடிமானம் கிடைக்காது.

பூச்சி வெளிவர எட்டு பத்து நாள் என்பது வெயில் காலக் கணக்கு. மார்கழிக் குளிரில் இன்னும் இழுக்கும், தண்ணீர் தெளிக்கிறேன் என்று நனைக்காதீர்கள். கூட்டில் ஊசித்துளை மாதிரி ஓட்டை தெரிந்தால் குளவி வெளியேறிவிட்டது, உள்ளே ஒன்றும் இல்லை.

9. வெளிவரும் காலை

முந்தைய நாள் கூடு கண்ணாடி போலாகி, உள்ளே மடிந்திருக்கும் கறுப்பு மஞ்சள் இறக்கை தெரியும். பெரும்பாலும் காலையில் வெளிவரும். வந்ததும் இறக்கை சுருங்கி ஈரமாக இருக்கும், உடனே எதிலாவது ஏறித் தொங்க வேண்டும். இறக்கை முழுதாக விரியும் அளவுக்குக் கீழே காலியிடம் இல்லாவிட்டால் அது கோணிக்கொண்டே காய்ந்துவிடும், பிறகு எதுவும் செய்ய முடியாது. ஆகவே கூட்டைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு எதையும் வைக்காதீர்கள். செம்பழுப்பாக ஒரு திரவம் சொட்டும், அது இரத்தம் இல்லை, கழிவு.

இரண்டு மூன்று மணி நேரத்தில் இறக்கை விறைத்து, மெல்ல அடிக்கத் தொடங்கும். வலையைத் திறந்து வைத்தால் போதும், தானே போகும். கையில் ஏற்றிப் படம் எடுக்க ஆசை இருந்தால் அதுவாக ஏறட்டும், இறக்கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். மழை கொட்டுகிறது என்றால் மறுநாள் வரை வலைக்குள் வைக்கலாம், ஒரு பங்கு சர்க்கரைக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பஞ்சில் நனைத்து வையுங்கள். கல்யாண மேடையில் பறக்கவிட ஐம்பது வளர்த்துக் கொடு என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். டப்பாவுக்குள் அடைத்து இரவு விளக்கில் திறந்தால் அது பறக்காது, தரையில் விழுந்து மிதிபடும்.

வெளியூர் போகும்போது கூட்டையோ முட்டையுள்ள கன்றையோ விமானத்தில் எடுத்துப் போகும் எண்ணமும் வேண்டாம். இந்தப் பூச்சி 2004இல் கரீபியனில் டொமினிக்கன் குடியரசில் தென்பட்டது, பிறகு பக்கத்துத் தீவுகளுக்கும் பரவி, அங்கே எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டக்காரர்களுக்குத் தொல்லையாகிவிட்டது. அமெரிக்கா போன்ற நாடுகளில் சாமான்களோடு வரும் கறிவேப்பிலையையே பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

தேதி, செடி, முட்டை கண்ட நாள், கூடான நாள், வெளிவந்த நாள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். படத்தோடு ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் இனம் சரிதானா என்று தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். வீட்டு முகவரி தெரியாதபடி இடத்தை மறைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது, அதைத் தட்டிவிடுங்கள். செப்டம்பரில் நாடு முழுக்க நடக்கும் பட்டாம்பூச்சி மாதக் கணக்கெடுப்பில் இந்தப் பதிவுகளும் சேரும்.

10. மொட்டையான செடியை என்ன செய்வது

ஈர்க்குச்சி மாதிரி நிற்கும், பார்க்கவே பாவமாக இருக்கும், வீட்டில் உள்ளவர்கள் பேசவும் செய்வார்கள். சாகாது. நுனியை லேசாகக் கவாத்து செய்து, கைப்பிடி மண்புழு உரம் போட்டு, வலையால் மூடிவிடுங்கள், அது ஓய்வெடுக்கும் காலத்தில் இன்னொரு பெண் பூச்சி வந்து முட்டை வைத்துவிடக் கூடாது. இலை உறிஞ்சும் தண்ணீர் குறைந்துவிட்டதால் வழக்கம்போல் ஊற்றினால் வேர் அழுகும், மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் ஊற்றுங்கள். ஆறேழு வாரத்தில் பழைய உயரத்துக்கு இலை வந்துவிடும். வலையை எடுக்கும் நாளைத் தளிர் முற்றிய பிறகு வைத்துக்கொண்டால் செடிக்குக் கொஞ்சம் பலம் இருக்கும். அதுவரை இரண்டாவது தொட்டி வேலை பார்க்கட்டும்.